தெற்கு பார்த்த கமோடு

எங்கள் ஊரில் குழாய் வேலை தெரிந்த ஆண்கள் எல்லோரும் சவூதியிலும் துபாயிலும் குழாய் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணியாற்றை ஒட்டிய ஊர். வெளிநாட்டுப் பணத்தில் மாடித் தொட்டிகள் ஏறின, பளபளக்கும் குழாய்கள் வந்தன. ஒழுகினால் பார்க்கத்தான் ஆளில்லை. கொத்தனார் துரைராசுவைக் கூப்பிட்டால், "இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்கிறேங்க" என்பார். அவருக்கும் விசா வரப்போகிறது என்று பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம் அக்கா ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

அவர் கணவர் ஜெக்கரியா அண்ணன் மதீனாவில், ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் குழாய் வேலை பார்த்தார். தெருவில் டெலிபோன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது அடிக்கும்போது அக்கா முக்காட்டைச் சரிசெய்தபடி எங்கள் கூடத்துக்குள் நுழைவார். என் அம்மா விண்ணரசி, தொடக்கப்பள்ளி ஆசிரியை, எழுந்து போக வேண்டும் என்று எப்போதும் நினைப்பார், ஒருநாளும் போனதில்லை. நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். அண்ணன் கடல் தாண்டிக் கேட்க வேண்டுமென்று கத்துவதால், நடப்பது முழுக்க எங்களுக்கும் கேட்கும்.

"சமையக்கட்டுக் குழா சொட்டிக்கிட்டே கெடக்கு மச்சான். தூங்க முடியல."

"வால்வை மூடிட்டுத் தலைப்பைக் கழட்டு. உள்ள வாஷர் நசுங்கிப் போயிருக்கும். புதுசு போடு."

"எந்தப் பக்கம் திருப்பிக் கழட்டுறது?"

"நீ கோவிச்சுக்கிட்டா மூஞ்சியத் திருப்புவியே, அந்தப் பக்கம்."

அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். அம்மா, ஆய்ந்து முடித்த கீரையை மறுபடி ஆயத் தொடங்கினார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. குழாயின் திருகு மரை போகிற பக்கமாகவே வெள்ளை டேப்பைச் சுற்ற வேண்டும் என்பது ஒரு வெள்ளிக்கிழமை. மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டால் அடியில் இருக்கும் வால்வில் பாசி சிக்கியிருக்கும் என்பது இன்னொரு வெள்ளிக்கிழமை. ஆசையாய் ஒரு சொல் பேச எங்கள் கூடத்தில் இடமில்லை. வாஷர், நட்டு, வால்வு என்றுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் போனை வைத்த பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தால் வால்வு பற்றிப் பேசியவர் மாதிரி இருக்காது.

கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக் குழாயும் அம்மாவின் பள்ளிக்கூடத்துக் குழாய்களும் அவர் கைக்கு வந்தன. இதையெல்லாம் மிகவும் ரசித்தவர் அவருடைய மாமனார் இப்ராஹிம் ராவுத்தர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். மருமகள் இல்லாவிட்டால் வாயைத் திறக்கமாட்டார், இருந்தால் மூடமாட்டார்.

"மவன் அங்க சம்பாரிக்கிறான். மருமவ இங்க ரிப்பேரு பாக்குறா. வீட்டுல எனக்கென்ன வேல டீச்சர்? ஒழுகுறது ஒண்ணுதான்."

"மாமா, டீச்சர் முன்னால என்ன பேச்சு இது!"

"ஏன், டீச்சர் வீட்டுல யாருக்கும் வயசாகலியா?"

அந்த வருடம் நாற்றங்காலைப் பார்க்கப் போனவர் வரப்பில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. தஞ்சாவூரில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். இனி வாழ்நாளுக்கும் குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர்கள் வீட்டில் இருந்ததோ கொல்லைக்கோடியில், குந்தி உட்காரும் பழைய கழிப்பிடம். மெட்ராஸில் இருக்கும் மகள் ஆஷிகா வீட்டில் கமோடு இருந்தது. "அத்தா இனிமே எங்கூடயே இருக்கட்டும்" என்றார் ஆஷிகா. பாசத்தில் சொன்னதுதான். ராவுத்தருக்குத்தான் அந்த மூன்றாவது மாடி வீட்டை நினைத்தாலே மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க போனா நான் யாருகிட்டம்மா பேசுவேன்? லிப்டுகிட்டயா?" என்று கேட்டாராம்.

ஆஷிகா ஒரு வழிக்கு வந்தார். டிஸ்சார்ஜ் ஆகிற சனிக்கிழமை காரில் வீட்டுக்குக் கூட்டி வருவது. அத்தா தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வசதி இருந்தால் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் அதே கார் அப்படியே மெட்ராஸுக்கு.

மாமனாரின் அறையை ஒட்டியிருந்த விறகு அறையை மெஹராஜ் அக்கா காலிசெய்தார். துரைராசு குழி தோண்டி, குழாய் பதித்து, அறையின் மூலையில் இரண்டு சுவரிலிருந்தும் சரிசமமாக ஒரு சாண் தள்ளிக் கமோடுக்குத் துளைவிட்டு, டைல்ஸும் ஒட்டினார். ஒட்டிய கையோடு விசா வந்து பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார். கமோடு உட்காரவைப்பது அக்கா தலையில் விழுந்தது.

"கெழக்கு மேக்காத்தான் வைக்கணும்" என்று போனில் கத்தினார் அண்ணன். "வடக்குத் தெக்கா மட்டும் வச்சுடாத. பெரிய பாவம்."

"நல்லாத் தெரியுமா மச்சான்?"

"இங்க ஒரு கட்டடம் முழுக்க நான்தான் மாட்டுனேன். என்னையே கேக்குறியா?"

நபியின் ஊரிலிருந்து சொல்பவரிடம் அதற்குமேல் எப்படிக் கேட்பது? அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அக்கா அப்படியே வைத்தார். சுற்றிலும் வெள்ளை சிமெண்டை விரலாலேயே வழித்துப் பூசினார். கேக் மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினார். அம்மா மூடியைக் கவிழ்த்து, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏதோ சிம்மாசனத்தில் அமர்வதுபோல் உட்கார்ந்து பார்த்தார்.

"சொகமாத்தான் இருக்கு மெஹராஜு. இந்த ஜன்னலுக்கு மட்டும் ஒரு தட்டி வச்சுடு. வெயிலு நேரா மூஞ்சியில அடிக்குது."

"எந்த வெயிலு டீச்சர்?"

"எந்த வெயிலா? சாயங்கால வெயிலுதான்."

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ். மேக்க பாத்து வச்சுட்டேனே!"

தொழும்போது மக்காவின் திசையைப் பார்ப்பார்கள், அதுதான் கிப்லா. மலஜலம் கழிக்கும்போது அந்தத் திசையைப் பார்த்தும் உட்காரமாட்டார்கள், முதுகு காட்டியும் உட்காரமாட்டார்கள். எங்கள் ஊருக்குக் கிப்லா மேற்கு. ராவுத்தர் எத்தனை கேலி பேசினாலும் இதில் இம்மியும் பிசகமாட்டார். அந்தக் கமோடில் உட்காருவதைவிட மெட்ராஸுக்கே போய்விடுவார்.

சற்று நேரத்தில் எங்கள் வீட்டில் போன் அடித்தது. அக்கா சலாம்கூடச் சொல்லவில்லை.

"கெழக்கு மேக்கான்னு எந்த ஊருக்குச் சொன்னீங்க?"

அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"மதீனாவுல கிப்லா தெக்கு, மெஹராஜ். இங்க எல்லாத்தையும் கெழக்கு மேக்காத்தான் போடுவோம். போட்டுப் போட்டு எனக்கு நம்மூரே மறந்துபோச்சு."

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா, பரீட்சையில் தவறு செய்த பையனைக் கேட்கும் குரலில், "சரி ஜெக்கரியா, இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லு" என்றார்.

துளை மூலையில் இருப்பதால் இடம் மாற்ற வேண்டாம், அப்படியே கால்வட்டம் திருப்பினால் போதும் என்றார் அண்ணன். "அடைக்கோழி உக்காந்த கூடையத் திருப்புற மாதிரி திருப்பணும். கீறல் விழுந்துச்சு, அவ்வளவுதான்." உடைந்தால் அடுத்த கமோடுக்குக் கும்பகோணம் போக வேண்டும். கார் மதியத்துக்குள் வந்துவிடும்.

சனிக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் அக்காவும் அம்மாவும் வேலையில் இறங்கினார்கள். நான் அந்த ஜன்னலுக்கு நேரே எங்கள் மதிலோரம் நின்றுகொண்டேன். ரம்பத் தகட்டைச் சிமெண்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் விட்டு அக்கா அறுத்தார். நல்லவேளை, சிமெண்டு இன்னும் முழுக்க இறுகவில்லை.

"டீச்சர், ஆட்டாதீங்க."

"நான் எங்க ஆட்டுறேன்? நடுங்குறேன்."

"நீங்க மாதாவைக் கூப்பிடுங்க, நான் பிஸ்மி சொல்றேன். ம், தூக்குங்க!"

ஒரு முனகலோடு அது தரையை விட்டுக் கிளம்பியது. உடனே அம்மாவின் குரல்: "எங்கடி வைக்கிறது, கை விட்டுப்போகுது!" அதற்குப் பதிலாக வந்தது அக்காவின் சிரிப்பு. திரும்பவும் உட்காரவைத்து, திருகாணியை இறுக்கி, சுற்றிலும் புது சிமெண்டு பூசினார்கள். எதிலும் கீறல் இல்லை.

ஃபிளஷ் டேங்கைக் கழற்றி அடுத்த சுவருக்கு மாற்றியபோதுதான் சிக்கல் வந்தது. தண்ணீர் வரும் குழாய் பழைய சுவரிலேயே இருந்தது. அங்கிருந்து டேங்குக்குப் போகிற இணைப்புக் குழாய் ஒரு சாண் எட்டவில்லை. குழாய்க் கடைக்கு மன்னார்குடிதான் போக வேண்டும், அதற்குள் கார் வந்துவிடும். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குளியலறைக்குப் போய், அண்ணன் அனுப்பியிருந்த கைஷவரின் வெள்ளிநிற வளைகுழாயை இரண்டு முனையிலும் கழற்றிக்கொண்டு வந்தார். மரை இரண்டு பக்கமும் பொருந்தியது. வெள்ளை டேப்பைச் சுற்றி முறுக்கினார். தண்ணீர் சன்னமாகத்தான் ஏறியது, ஆனால் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

முகம் கழுவி முடிப்பதற்குள் கார் ஹாரன் கேட்டது.

ராவுத்தர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நேராக அந்த அறைக்குத்தான் வந்தார். ஆஷிகா பின்னால். வாசலில் நின்று ஜன்னலைப் பார்த்தார், கமோடைப் பார்த்தார், மனதுக்குள் ஏதோ அளந்தார்.

"தெக்கு" என்றார். "அது என்னம்மா, கமோடுக்கு வெள்ளி அரைஞாண்?"

"டேங்குக்குத் தண்ணி போறது மாமா. சிமெண்டு ஈரம், ஆடாம உக்காருங்க."

"பள்ளத்துல விழுந்தவன்மா நான். ஆடுவனா?"

"நான் உள்ள வரட்டுமா அத்தா?" என்றார் ஆஷிகா.

"நீ பொறந்தப்பவே நான் தனியாத்தான் போனேன்."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே நாங்கள் நின்றோம். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் உதடு ஓதிக்கொண்டிருந்தது. கார் டிரைவர் என்ன விசேஷம் என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் வந்து நின்றார். நேரம் போனது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. மதகு திறந்ததுபோல் ஒரு இரைச்சல். ஆஷிகா அக்காவைத் தோளோடு அணைத்துக்கொண்டார். கதவு திறக்கவில்லை. டேங்கு மெதுவாக நிரம்பிக்கொண்டே இருந்தது. அது நிரம்பி ஓய்ந்ததும் மறுபடியும் இரைச்சல்.

"அத்தா! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ரெண்டாந்தரமும் வேல செய்யுதான்னு பாத்தேன். ஆஷிகா, டிரைவரு சாப்புட்டாரா?"

"இல்லத்தா."

"போட்டுக் கொடுங்க. சாப்புட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் பொழுதோட கெளம்புங்க. என் பெட்டிய மட்டும் எறக்கிடச் சொல்லு."

டிரைவர் டிக்கியைத் திறக்கப் போனார். உள்ளே டேங்கு மூன்றாவது தடவை நிரம்ப ஆரம்பித்திருந்தது.