வெறும் வயிற்றில் ஒரு கணக்குப் பாடம்

பாடசாலையிலிருந்து கல்வித் திணைக்களத்துக்கு வரும் கோரிக்கைக்கு இரண்டு வாரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது விதி. நெடுங்கேணிப் பக்கத்துப் பாடசாலை அதிபர் ஒருவர் அதை நம்பி, பிள்ளைகளின் உணவை இடைவேளைக்குப் பதிலாக முதல் பாடத்துக்கு முன் கொடுக்க, ஜனவரியில் அனுமதி கேட்டார்.

ஒல்லியான, நெடிய பெண். காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகளுக்குப் பின்னால்தான் நிற்பார், மயங்கிச் சரிபவர்களைப் பிடிக்க.

திணைக்களத்திலிருந்து நான் மேற்பார்வைக்குப் போன அன்று, கற்பித்தல் பயிற்சிக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார். கணக்குப் பாடத்தின் நடுவில் ஒரு பயிற்சி ஆசிரியை கதிரையில் அமர்ந்துவிட்டார்.

"தலை சுத்துது மிஸ்."

"உங்களுக்கு இண்டைக்கு மட்டும்தான், பிள்ளை. இனி ஆரும் கணக்கைப் பிழையாச் செய்தா முதல் என்ன கேப்பீங்கள்?"

"சாப்பிட்டியோ எண்டு."

"ஓம். ஏச்சுப் பிறகு."

நாங்கள் அனுப்பிய ஆசிரியர் கைந்நூல்கள் எதிலும் அந்தக் கேள்வி இல்லை.

கடைசியில் அனுமதி வந்தது. 'உடன் நடைமுறைப்படுத்தவும்' என்று அடிக்கோடிட்டிருந்தார்கள். அன்று டிசெம்பர் விடுமுறையின் முதல் நாள்.