மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்ன பொய்

காலை 7.10, திண்டிவனம். இரவு பேருந்து நிலைய பெஞ்சில் படுத்ததில் கொசுவைவிட நாய் தொல்லை அதிகம். ஒரு செருப்பைக் கொண்டுபோய்விட்டது. வெறுங்காலோடு மூன்று இட்லி, ஒரு டீ, நாற்பத்தைந்து ரூபாய். விழுப்புரம் வண்டியில் ஏறினேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

முன் சீட்டில் பக்கத்துப் பெருமுக்கல் கிராமத்துக்காரர்கள் இருவர். நிவேதா, இருபத்து மூன்று வயது, வெல்டர். கூட வந்தவர் பக்கத்து வீட்டு தனலட்சுமி. மடியிலிருந்த பையிலிருந்து எனக்கும் ஒரு கை வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அள்ளிக் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"பிரமோஸ் ஏவுகணை தெரியுமா தம்பி? அதுக்குப் பார்ட்ஸ் செய்யற கம்பெனியில இவளுக்கு வேல. நான்தான் கெடுத்துட்டேன்."

பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலை என்பதால் ஊருக்குள் விசாரிக்க சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வந்திருக்கிறார். "நிவேதா எப்படிப்பட்ட பொண்ணு?" என்று தனலட்சுமியிடம்தான் கேட்டார். அப்படிக் கேட்டால் அந்த ஊரில் மாப்பிள்ளை வீட்டார் என்று அர்த்தம். "தங்கமான பொண்ணு, வேலைக்கெல்லாம் போனதில்ல, வாசப்படி தாண்டாது" என்று சொல்லிவிட்டார். விண்ணப்பத்திலோ இரண்டு வருட வெல்டிங் அனுபவம். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று கோப்பு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். விளக்கம் சொல்லத்தான் இந்தப் பயணம்.

"நல்லா சமைக்கும்னு வேற சொல்லிச்சுண்ணே," என்றாள் நிவேதா. "எனக்கு சுடுதண்ணி வைக்கத் தெரியாது."

"ஏ, வாய மூடு. இங்கயும் யாராச்சும் விசாரிக்க வந்திருக்கப் போறான்."

கண்டக்டர் குனிந்து கேட்டார்: "அது என்னா வேகத்துலம்மா போவும்?"

"சத்தத்தவிட கிட்டத்தட்ட மூணு மடங்கு. விழுப்புரத்துக்கு முக்கா நிமிஷம்," என்றாள் நிவேதா.

"நமக்கு ஒரு மணி நேரம். ஆனா நாங்க நடுவுல எறக்கி வுடுவோம்."

இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து செய்தது, இரண்டு நாட்டு ஆறுகளின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர் என்று நிவேதா விளக்கினாள்.

"அப்ப அதுவும் சம்பந்தம் பண்ணிக்கினதுதான்," என்றார் தனலட்சுமி. "அங்க யாரு போய் விசாரிச்சாங்களோ!"

8.25, விழுப்புரம். போலீஸ் அலுவலகத்துக்குள் பை கொண்டுபோகக் கூடாது. மல்லாட்டைப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை. எதிரே நூற்றிருபது ரூபாய்க்கு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன்.

11.40க்கு வெளியே வந்தார்கள். நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து எதிரே போனேன்.

"அழுவல தம்பி, சிரிக்கிறா. 'அன்னைக்கு ஏம்மா பொய் சொன்னே?'ன்னாரு ஆபீசரு. மாப்ள வூட்டுக்கிட்ட சொன்னா அது பொய்யாங்கன்னு கேட்டேன். வெல்டிங் தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும்னாரு. எங்க மாட்டுக்கொட்டா இரும்பு கேட்டு இவ வெல்டிங் வச்சதுதான், ரெண்டு வருஷமா காளை முட்டிக்கினு கெடக்குது, இன்னும் ஒட்டு வுடலன்னேன். அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கிக்கினாரு. சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறாராம்."

12.15க்கு எனக்குத் திருவண்ணாமலை வண்டி. ஏற்றிவிட இருவரும் பேருந்து நிலையம் வரை வந்தார்கள். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டுக் கிளம்பியவன், பல ஊர் பார்த்தாயிற்று. என்னைப் பற்றி விசாரிக்க யாராவது வந்தால் எந்த வீட்டு வாசலில் நிற்பார்? எனக்காக ஒரு பொய் சொல்ல எந்த ஊரிலும் பக்கத்து வீடு கிடையாது. இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

தனலட்சுமி சிரிக்கவில்லை. மல்லாட்டைப் பையை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டார்.

"ஊரு பெருமுக்கல்லுனு சொல்லு தம்பி. வந்தா நான் பாத்துக்கறேன்."