தராசுத் தூணும் அந்தோணி பாஸின் மானமும்

“…வெடிப்பு விட்டுட்டுப் போன மேசன்னு கெலிஓயா முழுக்கச் சிரிப்பாங்க ஐயா! அப்புறம் கோயில் பீடத்துத் தரைய எனக்கு எங்க தரப்போறார் சாமியார்?”

போன வாரம் ரயில் கெலிஓயாவைத் தாண்டும்போது, பத்து வருஷத்துக்கு முந்திய இந்தக் குரல் அப்படியே காதில் விழுந்தது. அந்தோணி பாஸின் குரல்.

அப்போது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஆராய்ச்சிக்கென்று ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நான் அங்கே ஸ்டோர் கிளார்க். பாஸ்தான் தலைமை மேசன்; கொத்தனாரை அங்கே ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடத்தின் உயிர் ஒரு சின்ன அறையில் இருந்தது – தலைமுடியைக்கூட நிறுத்துவிடும் தராசு! ஆனால் பக்கத்தில் ரயில் போனால் முள் ஆடாதா?

அதற்கு யாழ்ப்பாணத்து இன்ஜினியர் ஐயா ஒரு வழி கண்டார். தராசு உட்காரும் தூண் அடிப்பாறையிலிருந்து தனியே எழும்பும். அறையின் தரை அதைத் தொடவே கூடாது. சுற்றிவர ஒரு விரல் இடைவெளி.

ஐயா கொழும்புக்குப் போயிருந்த சமயம் பாஸ் என்ன செய்தார்? இடைவெளியைச் சீமெந்தால் அடைத்து, சிவப்புப் பாலிஷ் போட்டு… முகம் பார்க்கலாம்! “கல்லுக்குக் கல் கைகொடுத்தாத்தான் கட்டடம்” என்பது அவருடைய வேதம்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் தராசை வைத்துப் பார்த்தார்கள். கம்பளை ரயில் வந்தது. முள் கூத்தாடியது.

ஐயா குனிந்து தரையைத் தடவினார். “பாஸ், ரயில் உள்ளுக்கு வாறதுக்கு நீரெல்லோ பாலம் போட்டுக் குடுத்திருக்கிறீர்! உடையும் இதை.”

அப்போதுதான் பாஸ் அப்படிப் புலம்பினார். மாதா கோயில் பீடத்துக்குத் தரை போட ஆள் தேடிக்கொண்டிருந்த பங்குச் சாமியார் மறுநாள் விழாவுக்கு வந்தால், தரையைத்தானே முதலில் பார்ப்பார்?

“ஓம், சிரிப்பினம்தான்,” என்றார் ஐயா. “முள் ஆடினாலும் சிரிப்பினம். அப்ப என்னைப் பாத்து.”

ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது தெரியும். ஒட்டாமல் இருந்தால்தான் சிலது ஆடாமல் நிற்கும். ஆனால் ஒட்டவைப்பதே தொழிலாக இருப்பவனிடம் இதை எப்படிச் சொல்வது?

பாஸ் உளியை எடுத்து, தன் பாலிஷைத் தானே கொத்தினார். அடுத்த ரயில் வந்தது… போனது. முள் அசையவில்லை. ஐயா கைதட்டினார். பாஸின் முகம் மட்டும் தெளியவில்லை.

கொத்திய விளிம்பை ஈரச் சீமெந்தால் நேராக்கினார். அது காயுமுன், வாசல் பக்கமிருந்து வருகிறவர் கண்ணில் படும்படி, கரண்டி நுனியால் கொட்டை எழுத்தில் கீறினார்:

‘வெடிப்பில்லை. வேணும்னே விட்டது – அந்தோணி.’