கேக்கின் பின்பக்கம்

முள்ளியவளையில் என் வீட்டுக் குசினியில்தான் கேக் செய்து கொடுக்கிறேன். வெயில் ஏறினால் பட்டர் ஐசிங் இளகிவிடும் என்பதால் நிறம் பூசும் வேலையை விடியும்போதே தொடங்குவேன். எந்த நிறத்தையும் வெள்ளைத் தட்டில் தொட்டுப் பார்க்காமல் பூசுவதில்லை. வைக்க வைக்க நிறம் கடுமையாகும். ஆகவே வேண்டியதைவிடச் சற்று வெளிறலாகக் கலப்பேன்.

அடுத்த ஒழுங்கையில் இருக்கும் அக்கா வருடந்தோறும் மகளின் பிறந்தநாளுக்கு என்னிடம் கேக் எடுப்பார். கடைசி யுத்தத்தில் சனத்துக்குள் காணாமல் போன மகள். அப்போது ஐந்து வயது. இறந்தவளாக எண்ணி அந்திரட்டிக் கிரியையைச் செய்துவிடும்படி சொந்தக்காரர் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேக்தான் எடுக்கிறார். பெயரை மட்டும் எழுதச் சொல்வார், வயதை அல்ல.

இந்த வருடம் பொம்மைக் கேக் கேட்டார். பொம்மையை இடுப்புவரை கேக்குக்குள் இறக்கி, கேக்கையே சட்டையாக அலங்கரிப்பது அது.

"அண்டைக்குப் போட்டிருந்த சட்டை மாதிரியே வேணும். ரோஸ் சட்டை, மஞ்சள் பூ, நீல நாடா. காணாமல் போன ஆக்களுக்கு வைக்கிற விசாரணை ஒவ்வொண்டிலயும் சொல்லிச் சொல்லி வெறும் சொல்லாப் போச்சு தங்கச்சி. கண்ணை மூடினா சட்டை வருகுதில்லை. ஒருக்கா அதைப் பாக்கவேணும்."

பட்டரின் மஞ்சள், ரோஸ் நிறத்தைக் கெடுக்கும். ஊசிமுனையளவு ஊதா சேர்த்து அதைச் சரிசெய்தேன். முன்பக்கம் முழுக்கச் சுருக்கு வைத்து, மஞ்சள் பூக்கள் இட்டு, இடுப்பில் நீல நாடா ஓட்டினேன். பின்பக்கத்தை வெறுமையாக விட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான். கேக் சுவரோரம் இருக்கும், படம் எடுப்பவர் முன்னால் நிற்பார்.

அக்கா வந்து பொம்மையைப் பார்த்தார்.

"இவளுக்குக் கால் இருக்கோடி?"

"இருக்கு அக்கா. பொலித்தீன் சுத்தி உள்ளுக்கு விட்டிருக்கிறன்."

"பாவம், புழுங்கப் போகுது," என்று சிரித்தார். பிறகு குனிந்து பொம்மையின் முகத்தைப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. ஆனா இது அவளில்லை."

"ரோஸ் கூடிப்போச்சோ? சொல்லுங்கோ, மாத்திவிடுறன்."

அவர் கேக் பலகையை மெல்லத் திருப்பினார்.

"இஞ்ச ஏன் ஒண்டுமில்லை?"

"பின்பக்கத்தை ஆர் அக்கா பாக்கிறது?"

"நான் பாத்தனான். கடைசியாப் பாத்தது அதைத்தான். சனத்துக்குள்ள தன்ர சித்தியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு எனக்கு முன்னால போனவள். ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கேல்லை."

நான் நீல ஐசிங் பையை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்லப் போட்டேன். நாடாவின் முடிச்சு, ஒரு முனை நீளம், மற்றது கட்டை. "அவசரத்தில நான் கட்டினது." பொத்தான் விழுந்த இடத்தில் ஒரு சட்டை ஊசி குத்தியிருந்ததாம். அதற்குத் தனி நிறம் இருக்கவில்லை. தட்டில் எஞ்சிய மூன்று நிறங்களையும் கலந்தேன். மங்கிய சாம்பல் வந்தது. அதால் ஒரு சிறு கோடு இழுத்தேன்.

"ஓம்," என்றார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஓம், அவள்தான்."

பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். கேக் மேசையில் இருந்தது, பொம்மையின் முதுகு எங்கள் பக்கம். படம் எடுக்க வந்த அவருடைய தம்பி, பிழையாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பலகையில் கை வைத்தார்.

"அதைத் திருப்பாதை, தம்பி," என்றார் அக்கா. "அவளாத் திரும்பட்டும்."

தம்பி கையை எடுத்தார். கேக் வெட்ட வைத்த கத்தி கிடந்த இடத்திலேயே கிடந்தது. நாங்கள் எல்லோரும் அந்தச் சின்னப் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.