கதிரை வரிசை

2024 ஜூன் 22, சனிக்கிழமை. அதிகாலை சுபஹ் தொழுதேன். தேங்காய் திருவிக் கொடுத்தேன். திங்கள் பாடத்துக்கான கணக்குகளைத் தயார் செய்தேன். மாலையில் வழக்கம்போல உக்குவளை மைதானத்தில் கரப்பந்தாட்டம். எனக்கு வயது நாற்பத்தெட்டு. வலையருகே எம்பித் தடுப்பது அன்றுவரை நான்தான்.

அப்படி எம்பி இறங்கியபோது வலது பாதம் நிலத்தில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் இடப்பக்கம் திரும்பியது.

கரண்டையில், அதாவது கணுக்கால் மூட்டில், பெரிய வீக்கம் இல்லை. வலி அதற்கு மேலே இருந்தது. ஒளுச் செய்யும்போது (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) நான் கால் கழுவும் எல்லைக்கும் மேலே. வெறும் சுளுக்கு என்று எண்ணெய் தடவினேன். திங்கட்கிழமை பாடசாலைப் படியில் இறங்க முடியவில்லை.

மாத்தளையில் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல் கணுக்கால் சுளுக்கு (கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் கணுக்காலுக்கு மேலே சேர்த்துப் பிடித்திருக்கும் நார்களில் ஏற்படும் காயம்). சாதாரணச் சுளுக்கைவிட மெதுவாகவே ஆறும் என்றார்.

"இந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல இடைவெளி கூடினா ஒபரேஷன் செஞ்சு ஆணி போடணும். அதுக்குப் பிறகு பாய்ஞ்சு விளையாடலாம்ண்டு நான் வாக்குத் தர மாட்டேன்."

முழங்கால்வரை உயர்ந்த தாங்கிச் சப்பாத்து ஒன்றைத் தந்தார்கள். அதோடு தொழுகையில் குனிந்தெழ முடியாது. பள்ளிவாசலில் கடைசியில், உட்கார்ந்து தொழுபவர்களுக்காக இருக்கும் கதிரை வரிசைக்குப் போனேன். எதிரணியில் விளையாடும் மசாலாக் கடை பாரூக் நானா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வந்து நின்றார்.

"சேர், நெட்டுல நிண்ட ஆளு இப்ப கதிரையிலயா? அடுத்தது கைத்தடிதான்."

சிரித்தேன். ஆனால் சப்பாத்தைக் கழற்றிய அன்றே கதிரையையும் விட்டுவிட்டேன்.

பிறகு இயன்மருத்துவம் (அப்பியாசங்களால் உறுப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சிகிச்சை). எல்கடுவையிலிருந்து வரும் சிவகாமி மிஸ் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். நடை சீரானது. ஆனாலும் மாலைதோறும் அதே இடத்தில் வலி திரும்பியது. ஒரு நாள் அவர் என் பாதத்தைச் சுவருக்கு எதிரே வைத்து, முழங்கால் எவ்வளவு முன்னே போகிறது என்று அளந்தார்.

"போன கிழமையவிட குறைஞ்சிருக்கே சேர். எங்கயோ கால மடக்கி பாரம் போடுறீங்க. குந்துறீங்களா?"

"இல்ல மிஸ். நீங்க சொன்ன எதையும் மீறல்ல."

பக்கத்தில் இருந்த என் மனைவி ரிஸானா பொறுக்கவில்லை. "கதிரைய விட்டுட்டு கீழ தொழுவுறாரு மிஸ். அதையும் கேளுங்க."

"தொழுகை அப்பியாசம் இல்லையே" என்றேன்.

"அது காலுக்குத் தெரியாதே சேர். எப்படி எந்திரிப்பீங்க, காட்டுங்க."

ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்து எழுந்து காட்டினேன். பாதியில் நிறுத்தி, முன்னே சாய்ந்திருந்த என் முழங்காலைத் தொட்டார். இப்படிச் சாயும்போது பாத எலும்பின் அகன்ற பகுதி மேலேறி, அந்த இரண்டு எலும்புகளையும் விலக்கித் தள்ளுகிறதாம். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கேட்டார். ஐந்து வேளைக்கும் கூட்டிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

மறுபடி படம் எடுக்க அனுப்பினார்கள். அந்தக் காத்திருப்பில் மருத்துவர் சொன்ன ஆணியைத் தவிர நான் வேறெதையும் நினைக்கவில்லை. இடைவெளி கூடியிருக்கவில்லை.

இதே காயத்தோடு இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன். செய்யும் அப்பியாசங்களை மட்டும் சொல்லாதீர்கள். அசைவென்றே நீங்கள் நினைக்காதவற்றையும் சொல்லுங்கள்: தொழுவது, குந்தியிருந்து துணி துவைப்பது, மலைப்பாதையில் ஏறுவது.

கதிரைக்குத் திரும்பினேன். அந்த வெள்ளிக்கிழமை பாரூக் நானாவே ஒரு கதிரையைத் தூக்கி வந்து போட்டார். "நல்லதாப் பாத்து எடுத்தேன் சேர். நீங்க இல்லாம வெல்றதுல ஒரு ருசியும் இல்ல."

வலது முழங்கால் இடது முழங்காலோடு சமமாக முன்னே போன பிறகுதான் சிவகாமி மிஸ் என்னைத் தரையில் தொழ விட்டார். ஒற்றைக் காலில் நிற்பது, மெல்ல ஓடுவது, கடைசியில் பாய்வது. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். வலையருகே அல்ல, பின்வரிசையில் நின்றேன். அங்கிருந்து பந்து வருவதைப் பார்க்க நிறைய நேரம் இருக்கிறது. இத்தனை வருடம் அது எனக்குத் தெரியாது. ஒரு தரம் எம்பினேன். இறங்கும்போது இரண்டு எலும்புகளையும் தனித்தனியே உணர்ந்தேன். அவை சேர்ந்தே நின்றன.

மறுநாள் காலை முதல் வேலையாக ஒளுச் செய்தேன். வலது காலைக் கரண்டையோடு நிறுத்தாமல், அதற்கு மேலே ஒரு சாண் வரை கழுவினேன்.