பதினொன்றாம் எண் கதவு

விதி ஒன்று: 'கேள்வி கேட்பதற்கு முன், தாங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைக் குடும்பத்தாரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.' கல்லூரியில் தட்டச்சு செய்து தந்த தாளில் இதுதான் முதல் வரி. மற்ற விதிகளையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

அறுபத்தொன்பது கோடை விடுமுறை. பி.ஏ. மாணவர்களும் ஆராய்ச்சி செய்யலாம், அதையும் பல துறைகள் சேர்ந்து செய்யலாம் என்று தாம்பரத்தில் எங்கள் கல்லூரிக்குத் தோன்றியிருந்தது. வரலாற்றுக்கு நான், பொருளாதாரத்துக்கு ஒருவன், தமிழுக்கு ஒருவன். ஆசிரியர் அறையில் இதற்குக் கூட்டாஞ்சோறு என்று பெயர். கீழ்க்கட்டளைப் பக்கம் ஏரிக்குள் குடிசை போட்டவர்கள் எங்கிருந்து வந்தார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்பது ஆய்வு.

பொருளாதாரக்காரன் முறை தெரிந்தவன். எந்த வீடும் விட்டுப்போகாமலிருக்கக் கதவுக்குக் கதவு சாக்பீஸால் எண் போட்டான். கதவில் எண் போடுகிறவன் சர்க்கார் ஆள் என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும், எங்கள் மூவரைத் தவிர.

பதினொன்றாம் எண் வீட்டில், கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் பெண் ஒருத்தி, இரண்டு பெண் குழந்தைகளோடு தனியாக இருந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, மோரும் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"பட்டா எப்ப சார் வரும்?"

தமிழ்க்காரன் என் காதருகே, "வாயத் தொறக்காத மச்சான், இன்னும் பாதி வூடு கீது" என்றான்.

"அதெல்லாம் மேலதான் முடிவு பண்ணணும்மா" என்றேன். பொய்யில்லை. பிற்பாடு சர்க்கார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன்.

அறிக்கை நன்றாகவே வந்தது. எந்தத் துறையின் அலமாரியில் வைப்பது என்பதில்தான் சண்டை.

அடுத்த தை மாதம், விட்டுப்போன சில விவரங்களுக்காக மறுபடி போனேன். பதினொன்றாம் வீட்டில் மண் சுவர் போய்ச் செங்கல் சுவர் எழும்பியிருந்தது. அவள் காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி. மழையில் அழியாமலிருக்க சாக்பீஸ் எண்ணின் மேலேயே தார் பூசி வைத்திருந்தாள். விதி ஒன்றை அன்றுதான் நிறைவேற்றினேன். நாங்கள் காலேஜ் பையன்கள், பட்டாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சுத்தி வளைக்காத சார். எவ்ளோ வேணும்னு சொல்லு, பொரட்டித் தரேன்."

மறுபடி விளக்காமல் திரும்பி வந்தேன். ஏரிக்கார வீடுகள் எல்லாவற்றுக்கும் பட்டா கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு நானே மனு எழுதினேன். முறை தவறாமல் இரண்டு பிரதி, ஸ்டாம்ப், குடியிருப்புக்கு ஆதாரமாக எங்கள் கணக்கெடுப்பின் நகல். பதில் முகவரி என் முகவரி. ஏரிப் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது என்பது இன்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அன்று தெரியாது, தெரிந்தவரைக் கேட்கவும் தோன்றவில்லை. அந்த வீடுகள் இருப்பதோ, என் மனு போய்ச் சேரும்வரை ஆபீசில் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஞாபகமூட்டி மேலும் மேலும் எழுதினேன். வழியில் என்னைப் பார்த்தால் அவள் பட்டாவைப் பற்றிக் கேட்பதில்லை. நம்பிக்கையோடு சிரிப்பாள். கேட்டிருந்தால் தேவலை.

ஏரியை ஆக்கிரமித்தவர்கள் காலி செய்ய வேண்டும் என்று பதில் வந்தது. வீடுகளின் பட்டியலும் கூடவே இருந்தது, நாங்கள் கதவில் போட்ட அதே எண் வரிசையில். அதை எடுத்துக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போக வேண்டியவன் நான்தான். பதில் வந்த தேதி, 1971 ஆகஸ்ட் 16.