நேரில் கண்டேன்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நாள் 1979 மே 17, வியாழக்கிழமை. நேரம் மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். நடந்தது காசிலிங்கத்துக்கு. அவர் வேலை போன பிறகு அதே மேஜையில் வந்து உட்கார்ந்தவன் நான். அவர் வாயாலேயே மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் ஒரு சொல் மாறவில்லை.

எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். புதுச்சேரியில் இருக்கிறது, அது போதும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற கிழவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். காட்டினால்தான் பென்ஷன். படுத்த படுக்கையாகக் கிடந்தால் குமாஸ்தா வீட்டுக்கே போவார். முகத்தைப் பார்ப்பார். பெயரைக் கேட்பார். மணிக்கட்டைப் பிடித்து, வலது கட்டைவிரலை மையில் உருட்டித் தாளில் உருட்டுவார். கீழே 'நேரில் கண்டேன், உயிருடன் இருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். காசிலிங்கத்துக்கு இருபத்தோரு வருடமாக இதுதான் வேலை.

அதற்கு முந்தின வருடம் அவர் ஒரு தப்பு செய்திருந்தார். ஒரு வீட்டில் தாத்தா தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்றார்கள். நல்ல வெயில். இவர் வாசலிலேயே நின்று, உள்ளே போர்த்திக்கொண்டு கிடந்த உருவத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தாளை நீட்டினார். உள்ளே கொண்டுபோய் ரேகை வைத்துக் கொடுத்தார்கள், இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். போர்த்திக்கொண்டு கிடந்தது பேரன். தாத்தா செத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அதிகாரி தட்சிணாமூர்த்தி கூப்பிட்டு மெமோ கொடுத்தார். இன்னொரு தடவை பார்க்காமல் எழுதினால் மறுநாள் இந்தப் படி ஏற வேண்டாம் என்றார். ரெட்டியார்பாளையத்து வீட்டில் ஏழு வயிறு. மில்லில் வேலை போன மச்சான் குடும்பமும் இவர் தலையில்தான். மனுஷர் ஆடிப்போனார். அன்றிலிருந்து எந்தக் கிழவரையும் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்காத குறைதான்.

மே மாதம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. 'ஆதிமூலம், சைகோன் பில்டிங், இரண்டாம் மாடி, கடைசி அறை. நடக்க இயலவில்லை. நேரில் வந்து பார்க்கவும்.' கீழே ரேகை வைத்திருந்தது. ரேகை என்று சொல்வதற்கில்லை. வெறும் கறுப்பு வட்டம், ஒரு கோடுகூட இல்லை. மை அதிகமாகி அப்பியிருக்கும் என்று அவர் விட்டுவிட்டார்.

சைகோன் பில்டிங்கைத் தெரியாதவர் அப்போது ஊரில் கிடையாது. மார்க்கெட்டுக்குப் பின்னால், காரை பெயர்ந்த இரண்டு மாடிக் கட்டடம். சைகோனில் இருந்து திரும்பிய ஒருவர் கட்டியது. கீழே சாயபுவின் தோல் மண்டி. பக்கத்தில் வியத்நாம் மதாம் ஒருத்தி நெம் என்ற கறிச்சுருள் பொரித்து விற்றாள். முதல் மாடியில் மாகேயில் இருந்து வந்த நர்சுகள், வயலின் சொல்லிக்கொடுக்கும், கிரெயோல் என்கிற கலப்பினக் கிழவர், வேலை போன மில் குடும்பங்கள். பின்கட்டில் சாராயக்கடை. கடலூர்ப் பக்கம் மதுவிலக்கு என்பதால் பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டு அங்கேயே உருண்டு கிடப்பார்கள். வாரம் ஒருமுறை போலீஸ் வரும். ஆனால் சாதி கேட்காமல் அறை கொடுத்த ஒரே கட்டடமும் அதுதான். புருஷன் விரட்டிய எத்தனையோ பெண்கள் அங்கேதான் பிழைத்தார்கள். ஊர் ஒரு வாயால் ஏசும், மறு வாயால் புகழும்.

இரண்டு பத்துக்குக் காசிலிங்கம் சைக்கிளை நிறுத்தினார். ஒரு மணிக்கு மேல் ஊரே கடை அடைத்துத் தூங்கும். தெருவில் காக்காய்கூட இல்லை. மண்டி வாசலில் உட்கார்ந்திருந்தவன் இவர் பையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இவர் காலடியில் துப்பினான். ஆதிமூலம் அறை எது என்று கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டான்.

மதாம் எண்ணெய்ச் சட்டியில் இருந்து தலை தூக்கவில்லை. இவர் இரண்டாம் முறை கேட்டதும், "மேல ஒண்ணும் இல்ல. வெயில் தாழ வா," என்றாள். கள்ளச்சரக்கு ஏதாவது வைத்திருப்பார்கள், அதனால் தடுக்கிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். அரசாங்கக் காரியம் என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

முதல் மாடியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இவர் நடைக்கு வந்ததும் நின்றது. இடப்பக்கம் ஒரு கதவு சாத்திக்கொண்டது. வலப்பக்கம் ஒன்று. பிறகு வரிசையாக எல்லாக் கதவும்... தாழ்ப்பாள் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

இரண்டாம் மாடி. மணி இரண்டு பதினெட்டு.

அங்கே சத்தமே இல்லை. கீழே எண்ணெய் பொரியும் சத்தம்கூட எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தைல வாசனை வந்தது. கடைசி அறையின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

"வா," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

ஜன்னல் சாத்தியிருந்தது. சாய்வு நாற்காலியில் ஒரு கிழவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பட்டாளத்துக் கம்பளிக் கோட்டு, கழுத்துவரை பொத்தான். காசிலிங்கத்துக்குச் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. கிழவர் பிடரியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

பெயர் கேட்டார். ஆதிமூலம் என்றது குரல். பட்டாள எண் கேட்டார். பிரெஞ்சில் சரியாகச் சொன்னது. தாளில் இருந்த எண் அதேதான். இன்னொருவராக இருந்தால் அத்தோடு முடித்துக்கொண்டு ஓடியிருப்பார். காசிலிங்கத்துக்கு மெமோ நினைவு வந்தது.

"மூஞ்சிய பாக்கணுங்க," என்றார்.

"பாத்துக்க."

திரும்பியது.

சாதாரண முகம். நரைத்த மீசை, குழி விழுந்த கன்னம். நிம்மதியாக இருந்தது காசிலிங்கத்துக்கு. அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தார்... அந்தக் கண் இமைக்கவில்லை. இவர் மைப்பெட்டியைத் திறந்தார், தாளைப் பலகையில் வைத்தார். அதுவரைக்கும் ஒருதரம்கூட இமைக்கவில்லை.

மணிக்கட்டைப் பிடித்தார். சில்லென்று இருக்கும் என்று பயந்திருந்தார். இல்லை. தன் கையையே பிடித்ததுபோல் அதே சூடு.

விரலை மையில் உருட்டினார். தாளில் உருட்டினார்.

ரேகை அழகாக விழுந்தது. குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு. இந்த ரேகையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே...?

"எழுது."

எழுதினார். நேரில் கண்டேன். உயிருடன் இருக்கிறார்.

"நீயே பாத்தியா?"

"பாத்தேன்."

"யார் கேட்டாலும் சொல்லுவியா?"

"சொல்லுவேங்க."

கிழவர் சிரித்தார். உதடு விரிந்தது. சத்தம் வரவில்லை.

"இனிமே நீதான் சாட்சி."

காசிலிங்கம் கிழவரின் மணிக்கட்டை விட்டார். இவர் விட்டுவிட்டார். ஆனால்... இவர் மணிக்கட்டை ஏதோ பிடித்திருந்தது.

கிழவரின் இரண்டு கையும் நாற்காலிமேல் இருந்தன.

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. நடை. படி. கதவுகள். கீழே வெயில் முகத்தில் அறைந்தபோது மணி இரண்டு இருபத்தாறு. மதாம் அவர் கையைப் பார்த்தாள். அப்போதுதான் அவரும் பார்த்தார். வலது கட்டைவிரல் முழுக்க மை. அவர் தன் விரலை மையில் வைக்கவே இல்லை.

யாரைப் பார்த்தாய் என்று மதாம் கேட்டாள். ஆதிமூலத்தை என்றார். அவள் சட்டியில் பாதி வெந்து கிடந்த நெம்மை அப்படியே விட்டுவிட்டு, அடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கடையைச் சாத்தினாள்.

பதினோரு நாள் கழித்துத் தட்சிணாமூர்த்தி கூப்பிட்டார். மேஜை ஓரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஆதிமூலத்தின் மருமகள் அமிர்தவல்லி, தேங்காய்த்திட்டுக்காரி. மாமனார் இறந்ததைப் பதிந்த தாளை முந்தின வாரமே கொண்டுவந்து கொடுத்திருந்தாள். போன பிப்ரவரியில், சைகோன் பில்டிங் கடைசி அறையில், மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் செத்துக் கிடந்தாராம். அவளே எடுத்துக்கொண்டு போய் எரித்திருக்கிறாள்.

"நான் பாத்தேங்க," என்றார் காசிலிங்கம். அவர் சொன்னதில் பொய்யில்லை. எந்த மனுஷன் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தானோ, அவன் பார்த்துத்தான் எழுதியிருந்தான். யார் கேட்கிறார்கள்?

அதிகாரி இரண்டாவது தாளைத் தள்ளினார். ரேகையை நிபுணரிடம் அனுப்பிப் பார்த்திருந்தார். அது ஆதிமூலத்தின் பழைய ரேகை இல்லை. 1958-ல் காசிலிங்கம் வேலையில் சேர்ந்தபோது பணிப்பதிவேட்டில் வைத்த ரேகை. சாய்ந்த வெட்டுத் தழும்பு உட்பட. சின்ன வயதில் கத்தி பட்ட தழும்பு அது. ஊரார் ரேகை எல்லாம் மனப்பாடமாக இருந்த மனுஷனுக்குத் தன் விரல் அடையாளம் தெரியவில்லை.

"உன் விரலையே வச்சுட்டு என்னை ஏமாத்தப் பாக்கறியா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

காசிலிங்கம் அழுதார். பிறகு மைப்பெட்டியை இழுத்தார். இப்போதே வைத்துக் காட்டுகிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கட்டைவிரலை உருட்டித் தாளில் அழுத்தினார்.

கறுப்பு வட்டம்.

மறுபடி வைத்தார். மறுபடியும் வெறும் வட்டம். ஒரு கோடு இல்லை, தழும்பு இல்லை. கழுவிக் கவிழ்த்த கிண்ணம்போல் விரல் வழவழவென்று இருந்தது. அதிகாரி தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாராம். ஆனாலும் வேலை போய்விட்டது. வழவழப்பான விரலுக்கு எந்த விதியும் கிடையாது.

அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் ஒரு கடிதம் வந்தது. 'ஆதிமூலம். உயிருடன் இருக்கிறேன். சாட்சி காசிலிங்கம்.' கீழே தெளிவான ரேகை, குறுக்கே சாய்ந்த தழும்பு. 1980, 81, 82, 83. யாரோ விளையாடுகிறார்கள் என்று பழைய கோப்புக் கட்டோடு சேர்த்துவைத்தேன். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

1984 ஜனவரியில் காசிலிங்கம் இறந்துபோனார். சாவு வீட்டில் அவர் மனைவி சாந்தி என்னிடம் வந்து, கடைசிவரை அவர் "நான் பாத்தேன், நான் பாத்தேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். மகராசன் போய்ச் சேர்ந்துவிட்டார், இனிக் கடிதம் வராது என்று நான் நினைத்தேன்.

மே 17, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்குத் தபால் வந்தது. உறையின்மேல் இந்த முறை என் பெயர். கோவிந்தசாமி, குமாஸ்தா. உள்ளே சாட்சி பெயர் இல்லை. 'நடக்க இயலவில்லை. நேரில் வந்து பார்க்கவும்' என்று மட்டும் இருந்தது.

கீழே, ரேகை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கோடுகூட இல்லாத கறுப்பு வட்டம்.